1 ஜிபி மாலாக் செய்தும் ரேம் ஏறவில்லை, ஏன்?

கேள்வி:
வணக்கம். ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று சின்னச் சின்ன சி நிரல்கள் எழுதிப் பார்த்துப் படித்து வருகிறேன். உபுண்டு, 8 ஜிபி ரேம். மாலாக்கில் (நினைவகம் கேட்டு வாங்கும் சி ஃபங்ஷன், malloc) 1 ஜிபி கேட்டு, கெட்சாரில் (விசை அழுத்தும்வரை காத்திருக்கும் getchar) நிரலை நிறுத்தி வைத்துவிட்டு, இன்னொரு டெர்மினலில் டாப் (ஓடும் நிரல்களின் நினைவகக் கணக்கைக் காட்டும் top கட்டளை) பார்த்தேன். விர்ட் (நிரலுக்கு ஒதுக்கிய மொத்த முகவரி இடம்) 1 ஜிபிக்கு மேல். ரெஸ் (உண்மையில் ரேமில் இருக்கும் அளவு) 2 எம்பி கூட இல்லை. மாலாக் நல் (இடம் கிடைக்கவில்லை என்பதற்கான NULL) தரவில்லை, சோதித்துவிட்டேன். கேட்ட இடம் எங்கே போனது? இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில்:
எங்கும் போகவில்லை தம்பி, இன்னும் வரவேயில்லை. இவ்வளவு பெரிய துண்டு கேட்டால் மாலாக் உள்ளுக்குள் எம்மேப்பை (mmap) அழைக்கும்; ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் முகவரி இடம் கேட்கும் அழைப்பு அது. கெர்னல் உங்கள் முகவரிகளில் 1 ஜிபிக்கு எல்லை குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நினைவகத்தைக் கெர்னல் பக்கம் பக்கமாகத்தான் கையாளும், ஒரு பக்கம் 4096 பைட். அதை முதன்முதலில் தொடும்போது பேஜ் டேபிளில் (எந்த முகவரிக்கு ரேமில் எந்த இடம் என்ற பட்டியல்) அதற்குப் பதிவு இருக்காது. பிராசஸர் நிரலை நிறுத்திக் கெர்னலைக் கூப்பிடும், அதுதான் பேஜ் ஃபால்ட். கெர்னல் அப்போதுதான் ஏற்பாடு செய்யும். பக்கத்துக்கு ஒரு பைட் தொடும்படி லூப் போட்டுப் பாருங்கள். ஆப்டிமைசேஷன் வேண்டாம், கம்பைலர் லூப்பையே தூக்கிவிடலாம்.

கேட்டவர்:
போட்டேன் அண்ணா. 4096 தாவி ஒவ்வொரு பைட்டாகப் படித்துக் கூட்டினேன். கெட்ஆர்யூசேஜில் (நிரலின் பயன்பாட்டுக் கணக்கைத் தரும் getrusage) மைனர் ஃபால்ட் (டிஸ்கில் படிக்காமலே தீரும் பேஜ் ஃபால்ட்) 2,62,144-க்குக் கொஞ்சம் மேல். 1 ஜிபியை 4096-ஆல் வகுத்தால் அதே எண்! ஆனால் ரெஸ் அசையவில்லை. கூட்டுத்தொகை 0.

இன்னொருவர்:
அந்த 0-ஐக் கவனியுங்கள். நீங்கள் படிக்க மட்டும்தான் செய்தீர்கள். கெர்னலிடம் முழுக்கப் பூஜ்ஜியம் நிரம்பிய ஒரே ஒரு பக்கம் உண்டு. இதுவரை எழுதாத இடத்தைப் படித்தால், எல்லா முகவரிக்கும் அதையே படிக்க மட்டும் அனுமதி கொடுத்து மாட்டிவிடும். ரெஸ் கணக்கில் அது சேராது. இப்போது படித்து முடித்த பிறகு அதே இடங்களில் 1 எழுதுங்கள். எழுதப் போனால் மறுபடி ஃபால்ட், அப்போது தனிப் பக்கம் கிடைக்கும். ஃபோர்க் (ஓடும் நிரலை இரண்டாக நகலெடுக்கும் அழைப்பு, fork) பாடத்தில் வரும் காப்பி ஆன் ரைட்டும் (எழுதும்போது மட்டும் பக்கத்தை நகலெடுப்பது) இதே வழிதான். இதைக் கையால் செய்து பார்த்துவிட்டு அங்கே போனால் ஃபோர்க் சுலபமாகப் புரியும்.

கேட்டவர்:
எழுதினேன். ஃபால்ட் 5,24,288-ஐத் தாண்டியது, ரெஸ் 1 ஜிபி! லூப்பில் இடையிடையே யூஸ்லீப் (சிறிது நேரம் நிறுத்திவைக்கும் usleep) வைத்து ஓட்டினால் டாப்பில் ரெஸ் படிப்படியாக ஏறுவது கண்ணெதிரே தெரிகிறது. இருவருக்கும் மிக்க நன்றி. ஃப்ரீ (வாங்கிய இடத்தைத் திருப்பித் தரும் free) அழைத்ததும் ஒரே அடியில் பழையபடி இறங்கிவிட்டதே, எம்மேப்பில் வாங்கியதால்தானே?

பதில்:
ஆமாம். ஃப்ரீ அங்கே முன்மேப்பை (எம்மேப்பில் வாங்கியதைக் கெர்னலிடம் திருப்பும் munmap) அழைக்கிறது. எஸ்ட்ரேஸில் (நிரல் கெர்னலை அழைப்பதையெல்லாம் காட்டும் strace கருவி) ஓட்டினால் இரண்டு அழைப்பும் வரிசையாகத் தெரியும்.