ரோட் பைக் ஃப்ரேம்: 52-ஆ, 54-ஆ?

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். புது ரோட் பைக்குக்கு (தார்ச்சாலையில் ஓட்டும் சைக்கிள்) பணம் சேர்த்தாயிற்று. ட்ரெக் கம்பெனியின் டோமானே ஏஎல் 2 மாடல் என்பதும் முடிவு. ஃப்ரேம் அளவில்தான் மாட்டிக்கொண்டேன். ஈப்போவில் ஒரு கடையில் 54 செ.மீ. என்கிறார்கள், இன்னொரு கடையில் 52. இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டவேண்டும்.

உயரம் 168 செ.மீ. சுவரில் சாய்ந்து, காலிடுக்கில் தடித்த புத்தகம் வைத்து அளந்தால் உள்கால் நீளம் 79. கால் நீளம், உடம்பு குட்டை. எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். ஃப்ரேம் அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: உள்கால் நீளத்தை 0.67-ஆல் பெருக்குவது. 79-க்கு 53 வருகிறது, சரியாக இரண்டுக்கும் நடுவே! அந்தக் கணக்கும் மேல்குழாய் சாய்வாக இல்லாமல் நேராக இருக்கும் பழைய ஃப்ரேம்களுக்கானது.

சேடலை (சீட்) 70 செ.மீ. உயரத்தில் வைத்து 54-ஐ ஓட்டிப் பார்த்தேன். காலுக்குச் சுகம். ஆனால் பிரேக் பிடியை எட்டிப் பிடிக்க முழங்கை விறைத்து, கழுத்தும் தோளும் வலித்தன. சேடலை முன்னே தள்ளினால் முட்டி வலிக்கிறது. 52-இல் கைக்கு எட்டுகிறது; ஆனால் அதே சேடல் உயரத்துக்கு ஹேண்டில்பார் ரொம்பத் தாழ்வு. அப்புறம், மெதுவாகத் திரும்பும்போது ஷூ முனை முன்சக்கரத்தில் உரசுகிறது.

பந்தயம் இல்லை. ஞாயிறு காலை பழைய சாலையில் குவாலா கங்சார் போய்வருவேன், அவ்வளவுதான். ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றலாம், ஃப்ரேமை மாற்ற முடியாதே.

என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர்கள் சொல்லுங்கள்: 54 வாங்கி குட்டையான ஸ்டெம் போடுவதா, 52 வாங்கி ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் வளையம் வைத்து ஹேண்டில்பாரை உயர்த்துவதா?