கண்ணில் மிதக்கும் புள்ளிகள்: ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உண்டா?

செந்தூல்_கணக்கர்:
வயது 56. வலது கண்ணில் சிலந்தி வலை மாதிரி ஒன்று எக்செல் கட்டங்கள் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் ஆபரேஷன்) செய்யலாம், அவசரமில்லை என்கிறார் டாக்டர். செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்_டீச்சர்:
தம்பி, நான் செய்துகொண்டேன். கண்ணை மட்டும் மரக்க வைத்தார்கள், நினைவோடுதான் இருந்தேன். வெள்ளை விழியில் மூன்று சிறு துளை; உள்ளே இருக்கும் ஜெல்லை வெட்டி உறிஞ்சிவிட்டு உப்புநீர் நிரப்புகிறார்கள். பிறகு நம் உடம்பே அந்த இடத்தில் நீர் சுரந்துகொள்ளும். வலி இல்லை, மணல் விழுந்த உறுத்தல்தான். சொட்டு மருந்து, இரவில் கண்ணுக்கு மேல் ஒரு பாதுகாப்பு மூடி, தலைக்குக் குளிக்கத் தடை. எண்ணெய்க் குளியல் இல்லாமல் தீபாவளி போனதுதான் எனக்கு வருத்தம்! ஆனால் உங்கள் வயதில் கண்புரை சீக்கிரம் வரும், எனக்கு வந்தது. விழித்திரை விலகும் அபாயமும் உண்டு. வேலைக்கே இடைஞ்சல் என்றால் மட்டும் செய்யுங்கள்.

செந்தூல்_கணக்கர்:
நன்றி டீச்சர். குப்புறப் படுக்க வேண்டுமாமே?

பட்டர்வொர்த்_டீச்சர்:
விழித்திரையில் கிழிசல் இருந்து கண்ணுக்குள் வாயு வைத்தால் பெரும்பாலும் அப்படித்தான். எனக்கு வைக்கவில்லை. வைத்தால் அது கரையும்வரை விமானம் கூடாது, கெந்திங் மலையும் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறிவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்_பையன்:
அண்ணே, திடீரென்று புள்ளிகள் கூடினாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அப்பாயின்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எமர்ஜென்சி.