டியர்டிராப் ட்ரெய்லருக்குத் திறந்து மூடும் ஜன்னலை நாமே செய்துகொள்ள முடியுமா?

வடதிசைப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். ஒன்டாரியோவில் வசிக்கிறேன். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து, நான்கடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட சிறிய டியர்டிராப் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், கண்ணீர்த்துளி வடிவப் படுக்கை வண்டி) ஒன்றைக் கார் நிறுத்தும் இடத்தில் வைத்துக் கட்டி வருகிறேன். பக்கச் சுவர்களும் கதவுகளும் முக்கால் அங்குல பிளைவுட். உள்ளே இருவர் படுக்க மட்டுமே இடம் உண்டு. கூரையில் வழக்கமான 14 அங்குலச் சதுரத்தில் விசிறிக்குத் துளை விட்டுவிட்டேன். ஆனால் விசிறி காற்றை வெளியே தள்ள வேண்டுமானால், கீழிருந்து காற்று உள்ளே வரவும் வழி இருக்க வேண்டும். அதற்காக இரண்டு கதவுகளிலும் 20 அங்குல அகலம், 12 அங்குல உயரத்தில் ஒவ்வொரு ஜன்னல் வைக்க விரும்புகிறேன்.

கடையில் விற்கும் ஜன்னல்களில் என் சுவரின் தடிமனுக்குப் பொருந்துபவை குறைவு. பொருந்தும் இரண்டை வாங்கினால், பிளைவுட் முழுவதற்கும் நான் கொடுத்த தொகையை அது தாண்டிவிடும். ஆகவே, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கில் ஒரு பலகை எடுத்து, அதன் மேல்விளிம்பில் பியானோ கீலை, அதாவது விளிம்பு நெடுக ஓடும் ஒரே நீளக் கீலைப் பொருத்தி, கீழ்விளிம்பை வெளியே தள்ளித் திறக்கும்படி செய்யலாம் என்று எண்ணுகிறேன். மழை பெய்யும்போதும் சற்றுத் திறந்து வைக்கலாம் அல்லவா? என் ஐயங்கள் மூன்று. கீல் வழியாகத் தண்ணீர் இறங்குமா? அக்ரிலிக் நல்லதா, அதைப் போன்ற இன்னொரு பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் நல்லதா? கொசுவலையை உட்புறம் அடித்துவிட்டால், ஜன்னலை எப்படித் தள்ளுவது? மே மாதக் கடைசியில் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போகத் திட்டம். அங்கே அப்போது கடிக்கும் கறுப்பு ஈக்களின் காலம் என்பதால் வலையைக் கழற்றி மாட்டும் பேச்சுக்கே இடமில்லை.

மரக்கை:

கீலை மேலே வைப்பதுதான் சரி. இரண்டு ட்ரெய்லர்களுக்கு இவ்வாறு செய்திருக்கிறேன். முதலாவதில் நான் செய்த பிழை, ரப்பர் பட்டையே தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நம்பியது. ரப்பர் காற்றையும் தூசியையும் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். தண்ணீரை வடிவத்தால்தான் திருப்பிவிட வேண்டும்.

துளையைச் சுற்றிக் கதவின் வெளிமுகத்தில் அரை அங்குல உயரத்துக்கு ஒரு மரச்சட்டத்தை ஒட்டி, அதன்மேல் பானைக்கு மூடி போல ஜன்னல் பலகை கவிந்து உட்காரும்படி செய்யுங்கள். பலகை துளையைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக, அதாவது 22க்கு 14 ஆக இருக்கட்டும். சட்டத்தின் மேற்கட்டை வெளிநோக்கிச் சரிய வேண்டும். கீலுக்கு மேலே அலுமினியப் பட்டை ஒன்றை, நீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் பியூட்டைல் நாடா வைத்துத் தாழ்வாரம் போல் திருகிவிடுங்கள். ஊரில் சன்ஷேட்டின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டிக் கொத்தனார் ஒரு சிறு பள்ளம் இழுத்துவிடுவாரே, அதே வேலையை உங்கள் கீழ்ச்சட்டத்தின் அடியிலும் ரம்பத்தால் ஒரு கோடு இழுத்துச் செய்யுங்கள். துளி பின்னோக்கி ஊர்ந்து பிளைவுட்டைத் தொடாமல் அங்கேயே சொட்டிவிடும். துளையின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு தண்ணீரைப் பஞ்சு போல் குடிக்கும் என்பதால், சட்டம் ஒட்டுவதற்கு முன்பே எபாக்சி என்ற கெட்டியாகும் பிசினை இரண்டு முறை பூசிவிட வேண்டும்.

வலைக்கு வழி இது. பலகையின் கீழ் மூலைகள் இரண்டிலும் தட்டையான அலுமினியப் பட்டையை அசையும்படி மாட்டி, அதைக் கீழ்ச்சட்டத்தில் வெட்டிய ஒரு சிறு பிளவின் வழியே, வலைக்குக் கீழாக உள்ளே கொண்டு வாருங்கள். பட்டையில் வரிசையாகத் துளைகள் போட்டு, உள்ளே நிற்கும் போல்ட்டின் மேல் அவற்றுள் ஒன்றை இறக்கினால், பழைய வீட்டு ஜன்னல் கொக்கியைப் போல எந்த அளவிலும் நிற்கும். 14 அங்குலப் பலகை 3 அங்குலம் வெளியே போகும்போது அதன் கீழ்விளிம்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்குலம் மேலே எழும்பும். ஆகவே பிளவை அந்த அளவுக்கு உயரமாக வெட்டி, பூச்சி நுழையாதபடி இரு உதடுகளாக ரப்பர் ஒட்டுங்கள். ஓடும்போது பக்கச் சுவரில் காற்று ஜன்னலை வெளியே இழுக்கும். அதனால் இரண்டு மூலைகளிலும், கையாலேயே திருகக்கூடிய இறக்கை நட்டு போட்டு முடுக்கியே ஆக வேண்டும்.

நெகிழிப் பட்டறை:

பொருளைப் பற்றி நான் சொல்கிறேன். பிளாஸ்டிக் பலகை வெட்டுவதே என் தொழில். பாலிகார்பனேட்டைச் சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் விரைவில் கீறல் விழும், புற ஊதாக் கதிருக்கான பூச்சு இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளாகும். அக்ரிலிக் வெயிலை நன்கு தாங்கும், கீறலும் குறைவு, ஆனால் பலமாக அடிபட்டால் விரியும். கல் தெறிப்பது பெரும்பாலும் முன்பக்கத்தில்தான். பக்க ஜன்னலுக்கு 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் போதும் என்பது என் முடிவு.

விரிவைக் கணக்கில் எடுங்கள். அக்ரிலிக் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் விரியும். உங்கள் 22 அங்குலப் பலகை பனிக்காலத்தின் −25 டிகிரிக்கும் கோடையின் 35 டிகிரிக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்கும் மேல் நீண்டு சுருங்கும். அலுமினியக் கீலோ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே விரியும். எனவே 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் துளை போட்டு, அகலமான வாஷரின் கீழ் ரப்பர் வைத்து, கையால் இறுக்கும் அளவுக்கே முடுக்குங்கள். துளையிடும்போது பலகையின் அடியில் மரத்துண்டை இறுக்கிப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் துளைமுனை வெளியேறும் இடத்தில் சில்லு பெயரும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். என் சொந்த ட்ரெய்லரின் பாலிகார்பனேட் ஜன்னலில், அதிர்வில் நட்டுகள் கழலக் கூடாதென்று திருகுகளைப் பிடிக்கும் பசையைத் தடவினேன். இரண்டு வாரத்தில் எட்டுத் துளைகளைச் சுற்றியும் நட்சத்திரம் போல மயிரிழை விரிசல்கள் ஓடின. அந்தப் பசை பாலிகார்பனேட்டுக்கு நஞ்சு. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளை வாங்குங்கள். துடைக்க அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஆல்கஹாலும் வேண்டாம். மென்மையான சோப்புத் தண்ணீரே போதும்.

வடதிசைப் பயணி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே அக்ரிலிக்கில் செய்து முடித்து, நேற்று தோட்டக் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். வலது ஜன்னல் முற்றிலும் காய்ந்திருந்தது. இடது ஜன்னலில் கீலின் ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு துளி உள்ளே தொங்கியது. பார்த்தால், நான் வெட்டிய தாழ்வாரப் பட்டை கீல் முடியும் இடத்திலேயே முடிந்திருந்தது; அதன் நுனியைச் சுற்றிக்கொண்டு நீர் உள்ளே வந்திருக்கிறது. இரு பக்கமும் இரண்டு அங்குலம் நீளமான பட்டையை மாற்றியதும் நின்றுவிட்டது.

இரவு நானும் மனைவியும் வீட்டு முற்றத்திலேயே ட்ரெய்லருக்குள் படுத்தோம். இரண்டு ஜன்னல்களையும் ஓர் அங்குலம் திறந்து, விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டோம். விடியலில் கூரையில் கைவைத்துப் பார்த்தேன், ஈரமே இல்லை. சாதாரண வலைக்குள் மிகச் சிறிய கொசுக்கள் நுழைந்துவிடும் என்பதால், நெருக்கமான கண்ணுள்ள வலையை அடித்திருக்கிறேன். இனிப் பனிக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும்போது, ஜன்னல்களை முடுக்கியே வைக்க வேண்டுமா?

மரக்கை:

வேண்டாம். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் ரப்பர் தட்டையாகவே நின்றுவிடும். பலகையோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ரப்பரில் சிறிது டால்கம் பவுடரைத் தடவி, இறக்கை நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தாழ்வாரப் பட்டையின் இரு நுனிகளிலும் பியூட்டைல் நாடா பிதுங்கி நிற்கிறதா என்று மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.