தி ரோட்: துணியை உருவின அப்பாவை எதுக்குக் கும்பிடணும்?

கரிச்சான்:
பக்கத்து இழையில் ஒரு புண்ணியவான் எழுதியிருக்கார்: ‘உலகமே அழிஞ்சாலும் அப்பான்னா தி ரோட் படத்து அப்பா மாதிரி இருக்கணும், அந்த மனுஷன் ஒரு தப்புகூடப் பண்ணல’. ஆளாளுக்கு இதயம் வேற போட்டிருக்கீங்க. உலகம் அழிஞ்ச பிறகு ஒரு அப்பாவும் மகனும் உயிர் பிழைக்க நடந்து போற அந்த ஹாலிவுட் படத்தைப் பார்த்தீங்களா, ரீல்ஸ் பார்த்துட்டு வந்தீங்களா?

கடற்கரைக் காட்சி ஞாபகம் இருக்கா? அப்பா கப்பலுக்கு நீந்திப் போறார். காவலுக்கு இருக்க வேண்டிய பையன் தூங்கிடறான். ஒருத்தன் தள்ளுவண்டியோட மொத்தத்தையும் சுருட்டிக்கிட்டுப் போறான். துரத்திப் பிடிச்சாச்சு, துப்பாக்கி இவர் கையில, சாமானும் திரும்பி வந்தாச்சு. அதோட விட்டிருக்கலாம்ல? சூரியனே எட்டிப் பார்க்காத குளிர்ல அவன் போட்டிருந்த கந்தலையும் ஷூவையும் கழட்ட வைக்கிறார். பையன் அழுது கெஞ்சறான். இதுக்குப் பேர் பிள்ளையைக் காப்பாத்துறதா?

ஊர்க்குருவி:
வந்துட்டாருய்யா. அந்தத் திருடன் இவங்களுக்கு என்னத்த விட்டுட்டுப் போனான்? ஒரு டப்பா சோறு உண்டா, போர்வை உண்டா? தார்ப்பாய்கூட இல்ல. அப்பனும் மகனும் அன்னைக்கு ராத்திரியே விறைச்சுச் செத்திருப்பாங்க. அவன் செஞ்சதைத்தான் இவரு திருப்பிச் செஞ்சாரு. கணக்கு நேர்.

கரிச்சான்:
//அவன் செஞ்சதைத்தான் இவரு திருப்பிச் செஞ்சாரு//
இல்ல தம்பி. அவன் வண்டியைத் திருடினான், உடம்புல இருந்த துணியைத் தொடல. பையன் மேல போர்த்தியிருந்ததை உருவினானா? இல்லையே. அப்புறம் எப்படிக் கணக்கு நேராகும்?

பெருங்காயம்:
ரெண்டு பிள்ளை பெத்தவளா சொல்றேன். அவன் கையில கத்தி இருந்துச்சு. துணிமணியோட அனுப்பி வெச்சா ராத்திரி மோப்பம் பிடிச்சு வந்து நிக்க மாட்டானா? அந்த ஊர்ல மனுஷங்க மனுஷங்களையே தின்னுக்கிட்டு இருக்காங்க. தர்மம் பேச நேரம் ஏது?

கரிச்சான்:
கத்தியைப் பிடுங்கிக்கிட்டா முடிஞ்சது. சட்டை எதுக்கு?

ஊர்க்குருவி:
ஷூ இல்லாதவன் எப்படிப் பின்னாடி வருவான்? அதுக்குத்தான்.

கரிச்சான்:
அப்போ ஷூவை மட்டும் எடுங்க. சட்டை எதுக்குன்னு கேட்டேன்.

டீக்கடை பெஞ்சு:
அந்தத் திருடன் யாருன்னு தெரியுமா மக்களே? தி வயர் சீரிஸ்ல ஒமரா வந்த மைக்கேல் கே. வில்லியம்ஸ். 2021ல போய்ச் சேர்ந்துட்டாரு. அஞ்சு நிமிஷம்கூட வராத ரோல், அதுல அப்பாவா நடிச்ச விகோ மார்டென்சனையே ஓரங்கட்டிட்டாரு. அது போகட்டும், அப்பா படம்னா ட்ரெயின் டு பூசான்தான், கொரிய ஜோம்பி படம். 2016. மத்ததெல்லாம் தூக்க மாத்திரை.

நூலகத்துப் பூனை:
சினிமாவை வைத்துக்கொண்டே சண்டை போடுகிறீர்கள். இந்தப் படத்துக்கு மூலமான நாவலை கார்மாக் மெக்கார்த்தி 2006இல் வெளியிட்டார், அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது. அதில் அந்தத் திருடனின் வலது கை விரல்கள் வெட்டப்பட்டிருக்கும். ஏதோ ஒரு கூட்டம் தண்டனை கொடுத்துத் துரத்திவிட்ட ஆள் அவன். படத்தில் அதைக் கட்டைவிரலாக மாற்றிவிட்டார்கள். நாவலில் அப்பாவும் பையனும் அவனைத் தேடித் திரும்பிப் போகிறார்கள், கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், ஆளில்லை. துணியையும் ஷூவையும் சாலையில் குவித்து மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வருகிறார்கள். நான் அவனைக் கொல்லப்போவதில்லை என்று அப்பா சொல்ல, நாம்தான் ஏற்கெனவே கொன்றுவிட்டோமே என்கிறான் பையன். இதைப் படித்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

ஊர்க்குருவி:
பார்த்தீங்களா? திரும்பிப் போய் வெச்சாரே! படத்துலயும் திரும்பிப் போறாங்க. முடிஞ்சுது கதை. கரிச்சான் அண்ணே, கடையைச் சாத்திட்டுக் கிளம்புங்க.

கரிச்சான்:
பையன் அழுதான், அதனால போனார். தானா போகல. வழியில கிழவரா வர்ற ராபர்ட் டுவாலுக்கு டப்பா சாப்பாடு கொடுத்ததும் பையன் நச்சரிச்சதாலதான். இந்தப் படத்துல நல்லது எது நடந்தாலும் பையனால நடக்குது. அப்பா செய்றதெல்லாம் துப்பாக்கியை நீட்டுறதுதான். இதுல யார் யாரைக் காப்பாத்துறாங்கன்னு யோசிச்சுட்டு இதயம் போடுங்க.

பூனையார் சொன்னதும் என் பக்கம்தான். கொன்னுட்டோம்னு பெத்த பிள்ளையே சொல்லுது. சட்டைக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?

நூலகத்துப் பூனை:
நான் உங்கள் பக்கம் பேசவில்லை. நாவலின் பக்கம் பேசினேன்.

பெருங்காயம்:
சட்டை சட்டைன்னு பிடிச்சுக்கிட்டீங்க. ரிவால்வர்ல மொத்தமே ரெண்டு தோட்டா. ஒண்ணு லாரிக் கும்பல்காரன் பையன் கழுத்துல கத்தி வைக்கும்போது செலவாகுது. மிச்சம் ஒண்ணு. நரமாமிச வீட்டு மாடிக் குளியலறையில அந்த ஒரு தோட்டாவைப் பெத்த மகன் நெத்திக்கு நேரா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். பிடிபட்டா உயிரோட அறுத்துத் தின்பாங்கன்னு தெரியும். அந்தக் காட்சியைப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. அதைப் பத்திப் பேச இங்க ஒருத்தருக்கும் வாய் வரல. ஒரு கந்தல் சட்டைக்கு இவ்வளவு பஞ்சாயத்து.

டீக்கடை பெஞ்சு:
அம்மாக்காரி விட்டுட்டுப் போனதுதான் எல்லாத்துக்கும் காரணம் அக்கா. அதையும் சொல்லுங்க.

பெருங்காயம்:
வாங்க சார், இதுக்குத்தான் காத்திருந்தேன். அவ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்புறம் நடக்குது. வேட்டையாடுவாங்க, தின்பாங்கன்னு சொன்னா. நடந்துச்சா இல்லையா? அப்பா துப்பாக்கியை நெத்தியில வெச்சா தியாகம், அம்மா இருட்டுல இறங்கிப் போனா ஓடுகாலி. நல்லா இருக்கு உங்க நியாயம்! அம்மாவா சார்லிஸ் தெரான் வர்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் படத்துலயே நேர்மையான பேச்சு.

டீக்கடை பெஞ்சு:
நாவல்ல அம்மாவுக்கு இவ்வளவு காட்சியே இல்லையாம். நட்சத்திரத்தைப் போட்டதால இழுத்துட்டாங்க.

நூலகத்துப் பூனை:
“இல்லையாம்” என்று கேள்விப்பட்டு எழுதுவதற்குப் பதில் படித்துவிட்டே எழுதலாம்.

ஊர்க்குருவி:
எனக்கு ஒரு சந்தேகம். உலகம் எப்படி அழிஞ்சுதுன்னே படத்துல சொல்லல. அணுகுண்டுதானே?

டீக்கடை பெஞ்சு:
எரிகல் தல.

கரிச்சான்:
கடிகாரம் 1:17க்கு நின்னுது, வெளிச்சம் ஒண்ணு வந்துது. அதுக்கு மேல மெக்கார்த்தியும் சொல்லல, டைரக்டர் ஜான் ஹில்கோட்டும் சொல்லல. சொல்லாததைக் கேட்டுக்கிட்டு, சொன்னதை விட்டுடறீங்க. சட்டையைக் கழட்டினது படத்துல தெளிவாவே இருக்கு.

ஊர்க்குருவி:
முழுக்க கிராபிக்ஸ்ல சாம்பலை அடிச்ச படத்துக்கு இவ்வளவு அலட்டல் எதுக்கு?

கரிச்சான்:
//முழுக்க கிராபிக்ஸ்//
இதுக்குத்தான் உங்ககூடப் பேசவே யோசிக்கிறேன். பென்சில்வேனியாவில் போக்குவரத்தை நிறுத்திக் கைவிட்ட பழைய டர்ன்பைக், அதாவது சுங்க நெடுஞ்சாலைத் துண்டு. கத்ரீனா புயல் 2005ல் அடிச்சுப் போட்ட நியூ ஆர்லியன்ஸ். 1980ல் வெடிச்ச செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைப் பக்கம். நிஜமாவே நாசமான இடங்களாத் தேடிப் போய் எடுத்தாங்க. ஹாவியர் அகிர்ரேசரோபே ஒளிப்பதிவு, நிக் கேவும் வாரன் எல்லிஸும் இசை. கிராபிக்ஸ் தொட்டுக்கத்தான்.

பெருங்காயம்:
ஜனங்க வீடு வாசலை இழந்த ஊரை செட் மாதிரி வாடகைக்கு எடுக்கிறது மட்டும் நியாயமாக்கும். அங்க யாரோட சட்டை போச்சுன்னு கேக்க மாட்டீங்களே!

கரிச்சான்:
பேச்சை மாத்தாதீங்க மேடம்.

ஊர்க்குருவி:
பேச்சை மாத்துறது யாரு? அண்ணே, எனக்கு உங்க மேல பழைய பாக்கி ஒண்ணு இருக்கு. ட்ரெயின் டு பூசான் இழையில நான் இன்னும் படம் பார்க்கலன்னு எழுதினேன். நீங்க அடுத்த பதிவுலயே கடைசிக் காட்சியில அப்பன் என்ன ஆவான்னு போட்டு உடைச்சீங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஸாரி வரல. நீங்க வந்து அடுத்தவன் மனசு நோகுறதப் பத்தி எங்களுக்குப் பாடம் எடுக்குறீங்க.

கரிச்சான்:
படம் வந்து பல வருஷம் ஆச்சு. பார்க்காதது உங்க குத்தம்.

டீக்கடை பெஞ்சு:
அந்தப் படத்துல அப்பா முதல்ல சுயநலக்காரன். அடுத்தவங்களைப் பார்க்காதேன்னு மகளுக்கே சொல்லிக் கொடுப்பான். அப்புறம் மாறுறான். தி ரோட் அப்பா கடைசி வரைக்கும் மாறவே இல்ல. அதனாலதான் பூசான் ஒசத்தி.

கரிச்சான்:
இதைத்தானே நானும் சொல்றேன்!

டீக்கடை பெஞ்சு:
இல்ல, நான் வேற சொல்றேன். நீங்க ஒரு சட்டையை வெச்சுச் சொல்றீங்க, நான் மொத்தப் படத்தை வெச்சுச் சொல்றேன். இன்னொண்ணு, அந்தக் கோகோ கோலா டின் காட்சி பச்சையான விளம்பரம். உலகம் அழிஞ்ச பிறகும் கம்பெனி பேர் பளபளன்னு தெரியுது.

நூலகத்துப் பூனை:
நாவலிலும் கோகோ கோலாதான். அப்பா பையனுக்கு எடுத்துக் கொடுக்கிறார், பையன் அவரையும் குடிக்கச் சொல்கிறான். மெக்கார்த்தி யாரிடம் விளம்பரக் காசு வாங்கினாராம்? 2007இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேக்குக் கொடுத்த பேட்டியில் மெக்கார்த்தியே சொல்லியிருக்கிறார். டெக்சாஸின் எல் பாசோ நகரில் ஒரு ஓட்டல் அறையில் சின்ன மகன் தூங்கிக்கொண்டிருந்தான், ஜன்னலோரம் நின்றபோது மலைமேல் தீ எரிவதுபோல ஒரு எண்ணம் வந்தது, கதை அங்கிருந்து பிறந்தது. நாவலை அந்த மகனுக்கே காணிக்கையாக்கினார். அப்பா கெட்டவர் என்று நிரூபிக்க உட்கார்ந்து எழுதிய நாவல் இல்லை அது, கரிச்சான் சார்.

கரிச்சான்:
எழுதினவர் மகனை நேசிச்சார்னா கதையில் வர்ற அப்பா செஞ்சதெல்லாம் சரியாயிடுமா? நல்லா இருக்கே லாஜிக். நாவல், பேட்டி, காணிக்கை எல்லாம் சொன்னீங்க. சட்டை எதுக்குன்னு மட்டும் சொல்லல.

நூலகத்துப் பூனை:
முதலில் ஒன்று சொல்லுங்கள். நாவலைப் படித்திருக்கிறீர்களா?

கரிச்சான்:
பிடிஎஃப் இறக்கி வெச்சிருக்கேன். பாதி படிச்சாச்சு.

நூலகத்துப் பூனை:
எங்கிருந்து இறக்கினீர்கள்?

கரிச்சான்:
அது எதுக்கு இங்க?

ஊர்க்குருவி:
ஹாஹாஹா. திருட்டு பிடிஎஃப்! அதான் அண்ணன் திருடனுக்கு இம்புட்டு வக்காலத்து வாங்குறாரு!

கரிச்சான்:
தனிநபர் தாக்குதல். நிர்வாகிக்குப் புகார் கொடுத்தாச்சு.

டீக்கடை பெஞ்சு:
இறக்கின சுட்டி இருந்தா இன்பாக்ஸ்ல தட்டி விடுங்க தல.