தாத்தாவின் சாய்வு நாற்காலி: உப்புத்தாளில் மாட்டிக்கொண்டேன்

வணக்கம். செங்கோட்டையில் இருக்கிறோம். தாத்தா புனலூரில் வேலை பார்த்த காலத்தில் செய்து ரயிலேற்றிக் கொண்டுவந்த தேக்குச் சாய்வு நாற்காலி ஒன்று வீட்டில் இருக்கிறது, கால் நீட்டும் நீளக் கை வைத்தது. அதன் மேல் பின்னாளில் பூசிய வார்னிஷ் கருத்து, பிசுபிசுப்பாகிவிட்டது.

மறுபடி பாலிஷ் போடலாமென்று சொரசொரப்பான 80ஆம் நம்பர் உப்புத்தாளை வாங்கி நாற்காலியின் வலது கைப்பிடியில் தேய்த்தேன். அவசரத்தில் மரத்தின் ரேகைக்குக் குறுக்காகவும் தேய்த்துவிட்டேன். புத்தி! இப்போது அதைவிட நைசான 120 போட்டும் அந்தக் கீறல் போகவில்லை. திரும்ப 80க்கே போய் ரேகையோடு தேய்க்க வேண்டுமா, 120லேயே பொறுமையாகத் தேய்த்தால் போதுமா?

இன்னொன்று, தாள் இரண்டு நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது. முதலில் ரிமூவர் தடவி வார்னிஷைச் சுரண்டிவிட்டுத் தேய்ப்பதுதான் சரியோ? முதுகுப் பக்கம் கொடிச் செதுக்கல் இருக்கிறது, அங்கே மெஷின் வைக்க மனசில்லை.

கடைசியில் 220 தேய்த்துவிட்டுச் சந்திரஸ் பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த பிசின் பூச்சு) போட ஆசை. ஆனால் இங்கே சாரல் விடவில்லை, ஈரக்காற்றில் அது வெளுத்துப்போகும். அதுவரை தேய்த்த மரத்தை அப்படியே வைக்கலாமா? தென்காசிப் பக்கம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.