பிலிப்ஸ் அரங்கின் வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. 1958இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் மின்னணு நிறுவனம் அமைத்த அரங்கை நூலும் அட்டையும் வைத்து மாதிரியாகச் செய்ய ஆசைப்படுகிறேன். அந்தக் கண்காட்சி என்றதும் எல்லோரும் 102 மீட்டர் உயர அட்டோமியம் கட்டடத்தைத்தான் சொல்வார்கள். அழகுதான், ஆனால் என் மனம் முழுக்க இந்த அரங்கில்தான்.

கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் அலுவலகத்தில் இருந்த செனாகிஸ் வடிவமைத்தது. அவர் ஓர் இசையமைப்பாளரும்கூட! கூடாரம் போல வளைந்து எழும் சுவர்கள். அத்தனை வளைவும் நேர்கோடுகளால் ஆனவை. அதனால்தான் நூலில் இழுத்துக் கட்டிவிடலாம் என்று நம்புகிறேன். உள்ளே நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளில் இன்னோர் இசையமைப்பாளரான வரேஸின் மின்னணு இசை, கூடவே படங்களும் வண்ண ஒளியும், வெறும் எட்டு நிமிடம். கண்காட்சி முடிந்து, 1959 தொடக்கத்திலேயே இடித்துவிட்டார்கள். எத்தனை பெரிய இழப்பு!

நேரில் போய் அளக்க வழியில்லை. அளவுகளோடு தரைப்படமோ பக்கத் தோற்றமோ எங்கே கிடைக்கும்? கட்டடக்கலை படிப்பவர்கள், கல்லூரி நூலகத்தில் பார்த்திருந்தால் சொல்லுங்கள். அப்புறம், சட்டத்துக்குக் கம்பி நல்லதா, மூங்கில் குச்சியா? 1:100 அளவு போதுமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.