நீதிமானாக்கப்படுதல்: ஆக்குதலா, தீர்த்தலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் உருவாக்கிவரும் இறையியல் கலைச்சொல் தொகுப்பில், பாவியான மனிதன் கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுவதைக் குறிக்கும் ‘நீதிமானாக்கப்படுதல்’ (justification) என்பதற்கு மாற்றாக ‘நீதிப்பேறு’ என்னும் சொல்லை நண்பர் ஒருவர் முன்வைத்திருந்தார். வீடுபேறு, மகப்பேறு என்பவற்றை ஒட்டிய அமைப்பு என்பதால் பலரும் அதை வரவேற்றிருக்கிறீர்கள். அதன் ஓசை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஏற்பதற்கு முன், மூலத்திலுள்ள வினை எந்தச் செயலைக் குறிக்கிறது, அதைச் செய்பவர் யார் என்பதை நாம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மனிதன் கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்படுகிறான் என்று பவுல் எபேசியருக்குச் சுருக்கமாக எழுதும் கருத்தை ரோமர் நிருபத்தில் அவர் விரித்துரைக்கும்போது, அந்த விரிவுரையின் பாரம் முழுவதையும் இந்த ஒரு வினைதான் தாங்குகிறது.

எனக்கு இந்தச் சிக்கல் நூல்களில் தொடங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டு ஜெபக்கூட்டத்தில், ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ‘இலவசமாய் அவருடைய கிருபையினாலே’ நீதிமான்களாக்கப்படுகிறோம் என்ற இடம் வந்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி மடியிலிருந்த வேதாகமத்தை மூடிவிட்டு, “ஆக்கிட்டாருன்னு சொல்லுதிய தம்பி. நேத்துகூட மருமவள ஏசிப்புட்டேன். ஆக்குனது எங்க போச்சு?” என்று கேட்டார். நான் ஏதோ பதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர வேதாகமத்தைத் திரும்பத் திறக்கவில்லை. அவரிடம் தவறில்லை. அவர் தமிழைத் தமிழாகவே புரிந்துகொண்டார். மண்ணைக் குடமாக்கினால் மண் குடமாகத்தான் இருக்க வேண்டும். அரிசியைச் சோறாக்கினால் பானைக்குள் சோறு இருக்க வேண்டும். ‘ஆக்கு’ என்னும் துணைவினை பொருளின் நிலையையே மாற்றிவிடுகிறது; மாற்றம் அந்தப் பொருளுக்குள்ளேயே தென்பட வேண்டும். தமக்குள் தேடிப் பார்த்து, அது தென்படவில்லை என்று அவர் உண்மையைச் சொன்னார்.

லத்தீன் மரபிலும் இதே சிக்கல் இருந்தது. அந்த மொழியின் சொல்லே ‘நீதி’, ‘செய்’ என்னும் இரண்டு பகுதிகளால் ஆனது என்பதால், பண்டைய லத்தீன் இறையியலாளர் அகஸ்டீன் அதை ‘நீதியுள்ளவனாகச் செய்தல்’ என்றே விளக்கினார். கிரேக்க வினையாகிய ‘டிகையோ’ அப்படிப்பட்டதன்று. லூக்கா 7:29இல் மக்களும் ஆயக்காரரும் (வரி வசூலிப்போரும்) கடவுளுக்கு இந்த வினையைச் செய்ததாக எழுதப்பட்டிருக்கிறது. மனிதர் கடவுளை நீதியுள்ளவராக ஆக்க முடியாது என்பதால், நம் பழைய திருப்புதல் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு) அங்கே ‘தேவன் நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்’ என்று மிகச் சரியாகத் தமிழாக்கியது. ஆக்குவதாக இல்லை, ‘என்று’ சொல்வதாக இருக்கிறது.

இன்னும் வலுவான சான்று நீதிமொழிகள் 17:15இல் இருக்கிறது. துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்கிறது அந்த வசனம். ஆக்குதல் என்பது ஒருவனைத் திருத்தி நல்லவனாக மாற்றுவதாக இருந்தால், துன்மார்க்கனைத் திருத்துவது எப்படி அருவருப்பாகும்? அதைவிட நல்ல காரியம் உண்டா? ஆகவே அங்கே பேசப்படுவது நியாயாசனத்தில் உட்கார்ந்துகொண்டு குற்றவாளியை ‘இவன் நீதிமான்’ என்று விடுவிக்கிற வேலைதான். இதே எபிரெய வினை உபாகமம் 25:1இலும் வருகிறது. வழக்கு நியாயாஸ்தலத்துக்கு வரும்போது நியாயாதிபதிகள் ‘நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்கக்கடவர்கள்’ என்று அதே பழைய திருப்புதல் அங்கே மொழிபெயர்க்கிறது. பவர் ஐயரின் குழு திருத்தி 1871இல் வெளிவந்த அந்தத் திருப்புதலை நான் சிறுவயதிலிருந்து வாசித்து வருகிறேன். ஆயினும் நாம் தேடிக்கொண்டிருந்த வினை இந்த வசனத்தில் கண்முன்னே கிடந்ததை இந்த விவாதம் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். ‘நீதிமான் என்று தீர்’. நாம் புதிதாக ஒன்றும் உருவாக்க வேண்டியதில்லை.

‘தீர்’ என்னும் வினை இந்த இடத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். வழக்கும் தீர்கிறது, கடனும் தீர்கிறது, பகையும் தீர்கிறது. பவுலின் பேச்சிலும் இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ரோமர் 4ஆம் அதிகாரத்தில் அவர் நியாயாஸ்தலத்திலிருந்து கணக்குப் பேரேட்டுக்கு வந்துவிடுகிறார். வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபை ஆகாது, அது கடன் என்கிறார். வேலை ஒன்றும் செய்யாமல் ‘பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில்’ விசுவாசம் வைக்கிறவனுக்கோ அந்த விசுவாசம் நீதியாக ‘எண்ணப்படும்’ என்கிறார். நீதிமொழிகள் மனித நீதிபதிக்கு அருவருப்பென்று விலக்கிய அதே செயலைக் கடவுள் செய்கிறார் என்று பவுல் துணிந்து சொல்லும் இடம் இது. அது அநீதி ஆகாமல் இருப்பதற்குக் காரணம் சிலுவைதான் என்பதை அவர் முந்திய அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார். ‘ஆக்குகிறவர்’ என்று வாசிக்கும்போது இந்த அதிர்ச்சி நம் காதில் விழுவதேயில்லை. ‘பாவியை நீதிமான் என்று தீர்க்கிறவர்’ என்று ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள்.

‘எண்ணப்படும்’ என்பதையும் இங்கேயே தொட்டுவிடுகிறேன். மூலச்சொல் கணக்கெழுதுவோரிடம் புழங்கிய சொல். ‘எண்ணுதல்’ என்பதில் கணக்கிடுதல் என்ற பொருளும் உண்டு என்றாலும், இன்றைய வாசகருக்கு அது ‘நினைத்தல்’ என்றே படுகிறது. கடவுள் ஏதோ பாவனைக்கு அப்படி நினைத்துக்கொள்கிறார் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. மளிகைக்கடைப் பற்றுநோட்டில் நம் பெயருக்கு நேரே வேறொருவர் பணம் கட்டிவிட்டால், கடைக்காரர் அதை நம் கணக்கில் வரவு வைக்கிறார். அதில் பாவனை எதுவும் இல்லை, உண்மையான பணம் உண்மையாகவே வந்திருக்கிறது. எனவே ‘வரவு வைத்தல்’ என்பதை இதற்குரிய கலைச்சொல்லாகப் பரிந்துரைக்கிறேன்.

இனி பெயர்ச்சொல். ‘நீதித்தீர்ப்பு’ என்பதே முதலில் என் மனத்தில் தோன்றியது. ரோமர் 8:1இல் வரும் ‘ஆக்கினைத்தீர்ப்பு’ (தண்டனைத் தீர்ப்பு) என்பதற்கு அது நேர் எதிர்ச்சொல்லாக அமையும் என்று மகிழ்ந்தேன். ஆனால் சபையில் ‘நியாயத்தீர்ப்பு’ என்றால் கடைசிநாள் விசாரணை. அதன் பக்கத்தில் ‘நீதித்தீர்ப்பு’ என்று ஒன்றை வைத்தால் கேட்கிறவர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, ஆறுதலைக் கேட்க வேண்டிய இடத்தில் பயந்துபோவார். ஆகவே ரோமர் 5:16இல் பழைய திருப்புதல் கையாண்ட ‘நீதிவிளங்கும் தீர்ப்பு’ என்னும் தொடரையே சுருக்கி, ‘நீதிவிளங்கு தீர்ப்பு’ என்று வினைத்தொகையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ‘விளங்கு’ என்னும் சொல் ரோமர் 3:26இலும் வருகிறது. விசுவாசிக்கிறவனை விடுவிக்கும்போது தாமும் நீதியுள்ளவராய் விளங்குகிறார் என்பது அங்கே பொருள். யாருடைய நீதி விளங்குகிறது என்ற கேள்விக்கு இத்தொடர் இரண்டு பக்கமும் இடம் தருகிறது. இதை அதன் குறையாக நான் கருதவில்லை.

‘நீதிப்பேறு’ என்பதில் எனக்குள்ள தயக்கம் இதுதான்: பேறு என்பது பெற்றவன் பக்கம் நின்று பேசுகிறது, தீர்ப்புச் சொன்னவர் அதில் மறைந்துபோகிறார். தீர்ப்பின் விளைவைக் குறிக்க அதை வைத்துக்கொள்வதில் மறுப்பில்லை. ‘நியாயப்படுத்துதல்’ என்று சிலர் எழுதுவதை மட்டும் அடியோடு தவிர்க்க வேண்டும். தன் தவற்றுக்குச் சாக்குச் சொல்வதற்குத்தான் இன்று அந்தச் சொல் வழங்குகிறது. இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் செய்தது அதற்கு நேர்மாறானது.

கத்தோலிக்க நண்பர் எழுப்பிய மறுப்புக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், நீதிமானாக்கப்படுதல் பாவமன்னிப்பு மட்டுமன்று, உள்ளான மனிதனின் தூய்மையும் புதுப்பிப்பும் ஆகும் என்று வரையறுத்தது. அந்த மரபுக்கு ‘தீர்த்தல்’ ஒருபக்கச் சாய்வாகத் தோன்றும் என்கிறார். நியாயமான மறுப்பு. ஆயினும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, மன்னிப்பும் புதுவாழ்வும் பிரிக்க முடியாதவை என்பதில் இரு தரப்பும் உடன்படுவதைக் காட்டுகிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ஆளும் ‘ஏற்புடையவர் ஆக்குதல்’ என்பதை அம்மரபின் சொல்லாகத் தனிப் பதிவில் தர வேண்டும் என்பதே என் கருத்து. நீதிமன்றச் சாயல் அதில் குறைவு. ஆனால் உறவின் சாயல் மிகுதி, ஆண்பெண் இருவருக்கும் பொதுவாகவும் நிற்கிறது.

விளக்கக் குறிப்பில் ‘விசுவாசம்’ என்னும் சொல்லுக்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும். ‘விசுவாசமான வேலைக்காரன்’, ‘நாயின் விசுவாசம்’ என்று வெளியில் வழங்கும்போது அது மாறாத நன்றியையும் உழைப்பையும் குறிக்கிறது. அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் கூலியாக வெளியே தள்ளிய கிரியை (மனிதனின் செயல்) மீண்டும் உள்ளே வந்துவிடும். கொடுப்பதை வாங்க நீட்டிய வெறுங்கை என்ற பொருளிலேயே இங்கு அது வருகிறது. ‘விசுவாசத்தைக் கொண்டு’ என்பதிலுள்ள ‘கொண்டு’ காரணத்தைக் குறிக்காமல் கருவியை மட்டும் குறிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவின் வரைவு: ‘நீதிவிளங்கு தீர்ப்பு: பாவியாகிய மனிதனைக் கடவுள், கிறிஸ்துவின் நீதியை அவன் கணக்கில் வரவு வைத்து, கிருபையினாலே நீதிமான் என்று தீர்த்தல்; மனிதன் இதை விசுவாசத்தைக் கொண்டு பெற்றுக்கொள்கிறான்.’

இதில் எனக்கு இன்னும் தீராத இடம் ‘நீதிமான்’ என்பதன் ஆண்பால் விகுதி. அந்த மூதாட்டியைப் பார்த்து ‘கடவுள் உங்களை நீதிமான் என்று தீர்த்துவிட்டார், நேற்று மருமகளை ஏசியதையும் அறிந்தே தீர்த்தார்’ என்று இன்று சொல்ல ஆசைப்படுகிறேன். ‘நீதிமான்’ என்ற இடத்தில் நாக்கு தடுக்குகிறது. ‘நீதியுள்ளவர்’ என்பது சரியாக வருமா, அல்லது வேதாகமத்தில் இவ்வளவு காலம் ஊன்றிவிட்ட சொல்லை அப்படியே விடுவது நல்லதா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.